கையேடு இருந்தும் அழைப்பு குறையவில்லையா? மென்பொருள் உதவிப் பக்கங்களில் பழுது பார்க்கும் வழிமுறை

இந்த வழிமுறை, மென்பொருள் பயனர்களுக்காகக் கையேடும் உதவிப் பக்கங்களும் எழுதுகிறவர்களுக்கானது. எடுத்துக்காட்டுகள் வடசென்னையில் அன்றாடம் புழங்கும் மென்பொருள்களிலிருந்து எடுக்கப்பட்டவை: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் ஓடும் பில்லிங் மென்பொருள், மண்ணடி இரும்புக் கடைகளின் சரக்கிருப்புக் கணக்கு, துறைமுகத்துக்கு லாரி அனுப்பும் திருவொற்றியூர், மணலி அலுவலகங்களின் இ-வே பில் (சரக்கு லாரியோடு போக வேண்டிய மின்னணு ஜி.எஸ்.டி. ஆவணம்) பதிவு. இந்த இடங்களில் கையேட்டைத் திறப்பவர் ஓய்வாக உட்கார்ந்து படிப்பவர் அல்லர். அவருக்கு முன்னால் வாடிக்கையாளர் வரிசை நிற்கிறது, அல்லது வாசலில் டிரைவர் காத்திருக்கிறார்; பில் தவறாகப் போனால் முதலாளியின் கேள்வியும் அவரிடம்தான் வரும். அந்த நேரத்தில் அவருக்கு உதவாத பக்கம், எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டிருந்தாலும், பழுதான பக்கமே.

மென்பொருளில் பழுது வந்தால் எங்கே நின்றது, என்ன செய்தி காட்டியது, அதற்கு முன் என்ன செய்தார்கள் என்று வரிசையாகக் கேட்கிறோம். கையேட்டில் பழுது என்றால் மட்டும் மொழியைத் திருத்தலாம், இன்னும் விரிவாக எழுதலாம் என்று பொதுவாகப் பேசத் தொடங்கிவிடுகிறோம். படிப்பவர் எந்த வரியில் நின்றார் என்று தெரியாமல் முழுக் கையேட்டையும் திருப்பி எழுதுவது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழே அறிகுறிகளைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களிடம் காணப்படும் அறிகுறிக்கு நேராகப் போய் அங்கிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: கையேடு இருக்கிறது, ஆனாலும் எல்லோரும் தொலைபேசியில்தான் கேட்கிறார்கள்

முதலில் எடுக்க வேண்டியது உதவி மையத்தின் அழைப்புப் பதிவேடு. அண்மையில் வந்த அழைப்புகளை, அழைத்தவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். உதவி மைய ஊழியர் "பிரின்டர் சிக்கல்" என்று சுருக்கிப் பதிந்திருப்பார். அழைத்தவர் சொன்னதோ, "சார், பில்லு வெளிய வருது, ஆனா துணி பேரு வர்ற இடத்துல வெறும் கேள்விக்குறியா வருது" என்பதாக இருக்கும். தகவல் முழுவதும் அவர் சொன்னதில்தான் இருக்கிறது: பிரின்டர் இணைந்திருக்கிறது, தாள் இருக்கிறது, தமிழ் எழுத்து மட்டும் கெடுகிறது. "பிரின்டர் சிக்கல்" என்பதை மட்டும் வைத்து எழுதப்படும் பக்கம் யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றி மாட்டச் சொல்லும். அவரும் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி அழைப்பார்.

இப்படித் தொகுத்த கேள்விகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். முதல் குவியலில் அந்தக் கேள்விக்குப் பக்கமே இல்லை. அங்கே புதிதாக எழுதுவது தவிர வேறு வழியில்லை. இரண்டாவதில் பக்கம் இருக்கிறது, அழைத்தவருக்கு அது கண்ணில் படவில்லை. மூன்றாவதில் அவர் படித்திருக்கிறார், படித்தும் வேலை முடியவில்லை. எழுதுகிறவர்கள் பொதுவாக முதல் குவியல்தான் பெரிது என்று நினைத்துப் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பக்கங்கள் கூடக் கூட, இரண்டாவது குவியல் வளர்கிறது.

இரண்டாவது குவியலுக்கான மருந்து, பக்கத்தைச் சிக்கல் எழும் இடத்திற்கே கொண்டுபோய் வைப்பதாகும். பில் ரத்து செய்யும் திரையில் உள்ள உதவிக் குறி, கையேட்டின் முகப்புக்குப் போகாமல் பில் ரத்து பற்றிய பத்திக்கே நேராகப் போக வேண்டும். நம் கடைக்காரர்கள் உதவி கேட்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் என்பதால், ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் தனி இணைப்பு முகவரி இருப்பது அவசியம். முழுக் கையேட்டின் பி.டி.எஃப். கோப்பை அனுப்பி "நாற்பத்திரண்டாம் பக்கம் பாருங்கண்ணே" என்று சொல்லும் உதவி மையத்தை அடுத்த முறை அவர் மீண்டும் அழைக்கத்தான் செய்வார். நேராக அந்தப் பத்தியில் போய் நிற்கும் இணைப்பை அனுப்பினால், அதே உரையாடலில் மேலே தள்ளிப் பார்த்து அவரே மறுபடி திறந்துகொள்வார்.

அறிகுறி: தேடுகிறார்கள், கிடைப்பதில்லை

உதவித் தளத்தின் தேடல் பதிவில், விடை எதுவும் வராமல் போன தேடல்களை மட்டும் தனியே எடுங்கள். பதிவே வைக்கப்படவில்லை என்றால் இன்றே அதைத் தொடங்கச் சொல்லுங்கள். கையேட்டை மேம்படுத்த அதைவிட மலிவான கருவி கிடையாது. தமிழில் தேடல் தோற்பதற்கு நம் எழுத்துக்கே உரிய காரணங்கள் சில உண்டு, அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

பழைய பி.டி.எஃப். கையேடு ஏதேனும் புழக்கத்தில் இருந்தால், அதில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வரிக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால், அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவிலோ டாம், டாப் போன்ற பழைய குறியேற்றத்திலோ இருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு அதில் தமிழே இல்லை. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வரி வரியாகச் சரிபார்த்து, வலைப்பக்கமாக வெளியிடுவதே தீர்வு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். அதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

யூனிகோடிலேயே இருந்தாலும் சிக்கல் முடிந்துவிடுவதில்லை. "கொ" என்ற எழுத்தை, ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம்; கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. யூனிகோடு தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ள இயல்பாக்கம் இந்த வகை வேறுபாட்டை நீக்கிவிடும். கையேட்டின் உரைக்கும், பயனர் தட்டும் தேடற்சொல்லுக்கும், இரண்டுக்குமே அதைச் செய்ய வேண்டும். ஆனால் "சௌகார்பேட்டை" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் இயல்பாக்கம் அதைத் தொடாது, ஏனென்றால் அங்கே உண்மையாகவே வேறு எழுத்து இருக்கிறது. "சவுகார்பேட்டை" என்று எழுதுகிறவர்களும் பலர். கடைப் பெயர்களில் நிறைய வரும் "ஸ்ரீ" என்ற எழுத்துக்கும் யூனிகோடில் இரண்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றையும் இயல்பாக்கம் ஒன்றாக்காது. இவற்றுக்கென மாற்றுப் பட்டியல் ஒன்றைத் தேடுபொறியில் வைத்துக்கொள்வதே நடைமுறை.

மூன்றாவது காரணம் வேற்றுமை உருபு. பயனர் "பில்" என்று தேடுகிறார். பக்கத்தில் "பில்லை", "பில்லில்", "பில்களின்" என்றுதான் இருக்கிறது. சொல்லை முழுதாக ஒப்பிடும் தேடுபொறி இவற்றை வேறு சொற்களாகவே பார்க்கும். சொல்லின் அடிப்பகுதியைப் பிரித்தெடுக்கும் திறந்த மூல நிரல்கள் உண்டு, ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. அவை எல்லா இடத்திலும் சரியாகப் பிரிப்பதில்லை என்றாலும், இல்லாததைவிடப் பெரிதும் மேல்.

கடைசியாக, பெரும்பாலானோர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த வடிவங்களை ஒவ்வொரு பக்கத்தின் மறைமுகத் தேடற்சொற்களில் சேர்த்துவிட்டால் போதும். பக்கத்தின் உரையை அதற்காகக் கெடுக்க வேண்டியதில்லை. தலைப்பும் மாற வேண்டும். "விற்பனைத் தொகுதி: பில் மேலாண்மை" என்று யாரும் தேடுவதில்லை. "போட்ட பில்லை ரத்து செய்வது எப்படி" என்று தேடுகிறார்கள்.

அறிகுறி: படிகளைத் தொடங்குகிறார்கள், பாதியில் நிற்கிறார்கள்

இதுதான் நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டிய பழுது, ஏனென்றால் இங்கே படிப்பவர் நம்மை நம்பி வந்துவிட்டார்.

பக்கத்தை எடுத்து, அதில் எத்தனை வகை எழுத்து கலந்திருக்கிறது என்று பாருங்கள். டேனியலே ப்ரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் என்ற முறை, பயனர் ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: புதியவருக்குக் கைப்பிடித்துக் கற்றுத்தரும் பயிற்சிப் பாடம், வேலை தெரிந்தவருக்கு ஒரு காரியத்தை முடித்துத்தரும் செய்முறை, விவரங்களை மட்டும் சொல்லும் குறிப்புப் பகுதி, ஏன் அப்படி என்று விளங்கவைக்கும் விளக்கம். நான்கும் தேவை, ஒரே பக்கத்தில் நான்கும் கூடாது. வரிசையில் வாடிக்கையாளர் நிற்கும்போது செய்முறையைத் திறந்தவருக்கு, மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. சட்டத்தின் பின்னணி வந்தால், அவர் அங்கேயே நின்றுவிடுவார்.

1980களில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரலும் உடன் பணியாற்றியவர்களும், அலுவலகப் பணியாளர்கள் சொற்செயலிகளைக் கையேடு வைத்துக் கற்பதை அருகிலிருந்து கவனித்தார்கள். கற்பவர்கள் முன்னுரையைத் தாண்டிக் குதித்தார்கள், வரிசைப்படி படிக்கவில்லை, உடனே வேலையில் இறங்கினார்கள், பிறகு ஒரு பிழையில் சிக்கி மீள வழி தெரியாமல் தவித்தார்கள். அவர்களைத் திருத்த முயலாமல், அந்தப் போக்குக்கு ஏற்பக் கையேட்டைச் சுருக்கி, பிழையிலிருந்து மீளும் வழியைச் சேர்த்து எழுதியபோது கற்றல் எளிதாயிற்று. நாற்பது ஆண்டுகள் ஆகியும் நம் கையேடுகள் பல, பயனர் முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படிப்பார் என்ற கற்பனையிலேயே எழுதப்படுவது வருத்தத்துக்குரியது.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். ஓசூரிலிருந்து துறைமுகத்துக்கு வரும் சரக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்கிறது. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும் என்பதால், இதற்கு 2 நாள் கிடைக்கும். லாரி எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டால் அந்த அவகாசம் அங்கேயே தீர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. போக்குவரத்து மென்பொருள் ஒன்றின் கையேட்டில் இதற்கான பத்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"இ-வே பில்லின் செல்லுபடிக் காலம் முடிவடையும் சூழலில், உரிய விவரங்கள் அளிக்கப்பட்டு நீட்டிப்பு மேற்கொள்ளப்படலாம். நீட்டிப்புக்கான நிபந்தனைகள் பொருந்தும்."

இதில் பொய் எதுவும் இல்லை, பயனும் இல்லை. யார் செய்ய வேண்டும், எப்போது, எந்தத் திரையில், என்ன கையில் வைத்துக்கொண்டு என்று எதுவும் சொல்லப்படவில்லை. அதையே இப்படி எழுதலாம்:

"லாரி வழியில் நிற்கிறது, இ-வே பில் காலாவதியாகப் போகிறது. காலாவதி நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்பு வரை மட்டுமே நீட்டிக்க முடியும். அதைத் தாண்டினால் இந்தப் பக்கம் உதவாது. தொடங்கும் முன் டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை: லாரி இப்போது நிற்கும் இடம், அதன் பின்கோடு, போய்ச்சேர இன்னும் எத்தனை கிலோமீட்டர். நடப்புப் பயணங்கள் திரையில் அந்த லாரியைத் தேர்ந்தெடுத்து 'காலம் நீட்டு' என்பதை அழுத்துங்கள். மூன்று விவரங்களையும் நிரப்பி, தாமதத்துக்கான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். சேமித்ததும் புதிய காலாவதித் தேதி பச்சை நிறத்தில் தோன்றும். அது தோன்றவில்லை என்றால் நீட்டிப்பு நடக்கவில்லை. லாரியைக் கிளப்பச் சொல்லாதீர்கள்."

இரண்டாவது நீளமானது, ஆனால் படிப்பவருக்கு அதுதான் குறுகிய வழி. அதில் கவனிக்க வேண்டியவை: நேர வரம்பு முதலிலேயே வந்துவிடுகிறது, அதனால் பொருந்தாதவர் நேரத்தை வீணாக்காமல் விலகிவிடலாம். தேவையானவை படிகளுக்கு முன்பே கேட்கப்படுகின்றன, அதனால் பாதித் திரையில் நின்றுகொண்டு டிரைவருக்கு அழைக்க வேண்டியதில்லை. முடிந்ததா இல்லையா என்று எப்படி அறிவது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பாதியில் நிற்கும் பக்கங்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று விடுபட்டிருக்கும். மூன்றும் இருந்தும் நின்றால், ஒரே படியில் இரண்டு செயல்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அறிகுறி: பிழை வந்த நேரத்தில் கையேட்டில் அந்தப் பிழை இல்லை

திரையில் காட்டும் பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே பக்கத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் பயனர் அதைத்தான் தட்டித் தேடுவார் அல்லது போட்டோ எடுத்து அனுப்புவார். செய்தி ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்திலேயே வையுங்கள், கீழே அதன் பொருளைத் தமிழில் சொல்லுங்கள்.

ஆனால் பல பழுதுகள் செய்தி எதுவும் காட்டுவதில்லை. மேலே சொன்ன கேள்விக்குறி பில் அப்படிப்பட்டது. பிழை நீக்கும் பக்கத்தின் உள்ளமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். தலைப்பு, பயனர் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும்: "பில்லில் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி அல்லது கட்டங்கள் வருகின்றன." அடுத்து, காரணங்களைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு சோதனை: அச்சிடும் முன் திரையில் முன்தோற்றத்தைப் பாருங்கள். முன்தோற்றத்திலேயே கட்டங்கள் தெரிந்தால் கணினியில் பொருத்தமான தமிழ் எழுத்துரு இல்லை. முன்தோற்றத்தில் தமிழ் சரியாக இருந்து, தாளில் மட்டும் கேள்விக்குறி வந்தால், மென்பொருள் வெறும் எழுத்தாக அனுப்புகிறது, பிரின்டரிடம் தமிழ் எழுத்து இல்லை.

கடைகளில் உள்ள 58 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டர்கள் பலவற்றில் உள்ளமைந்த எழுத்துப் பட்டியலில் தமிழ் இருப்பதில்லை. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் அமரும் தமிழை அடுக்கும் வேலையையும் அவை செய்யாது. எனவே பில்லைக் கணினியிலேயே படமாக மாற்றி அனுப்பும் அச்சு முறைக்கு மாற்ற வேண்டும். அந்த அமைப்பு எந்தத் திரையில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, படமாக அனுப்பினால் பில் வெளிவரச் சற்று நேரம் கூடும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அதை மறைத்தால் அடுத்த நாள் "பிரின்டர் ஸ்லோ ஆயிடுச்சு" என்று புதிய அழைப்பு வரும், அந்த அழைப்பை உண்டாக்கியவர்கள் நாமாகவே இருப்போம்.

காரணங்கள் பல இருக்கும்போது, அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது: சோதிக்க எளிதானதும் அடிக்கடி நிகழ்வதும் முதலில், பிரின்டரைக் கழற்ற வேண்டியது கடைசியில். சோதனை எதுவும் பயனரின் தரவை அழிக்கக்கூடியதாக இருந்தால், எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்த எச்சரிக்கையைப் படிக்கும்போது அன்றைய விற்பனைக் கணக்கு போயிருக்கும். எல்லாவற்றையும் செய்தும் சரியாகவில்லை என்றால் யாரிடம், என்னென்ன தகவலோடு போக வேண்டும் என்பது பக்கத்தின் இறுதி வரியாக இருக்கட்டும். பிரின்டர் மாடல், மென்பொருள் பதிப்பு எண், கெட்டுப்போன பில்லின் போட்டோ ஆகிய மூன்றும் முதல் செய்தியிலேயே வந்துவிட்டால், உதவி மையத்துக்கும் கடைக்கும் நடுவில் பல சுற்றுக் கேள்விகள் குறையும்.

அறிகுறி: திரையில் ஒன்று, கையேட்டில் ஒன்று

பயனர் ஒருமுறை இதைக் கண்டுவிட்டால் பிறகு சரியான பக்கத்தையும் நம்பமாட்டார். காரணம் பெரும்பாலும் எழுதுகிறவரின் கவனக்குறைவு அல்ல, வேலை நடக்கும் முறை. மென்பொருள் ஓரிடத்தில் மாறுகிறது, கையேடு வேறிடத்தில் வேர்ட் கோப்பாகத் தூங்குகிறது, மாற்றம் நடந்ததை எழுத்தாளருக்கு யாரும் சொல்வதில்லை.

இதற்காகவே ஆவணத்தையும் நிரலைப் போலவே நடத்தும் முறை உருவானது. உதவிப் பக்கங்கள் மார்க்டவுன் போன்ற எளிய உரைக் கோப்புகளாக, மென்பொருளின் மூலநிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (கோப்புகளில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் இடம்) வைக்கப்படுகின்றன. பொத்தானின் பெயரை மாற்றும் நிரலாளர், அதே மாற்றத்தில் பக்கத்தையும் மாற்றுகிறார் அல்லது எழுத்தாளரைக் கூப்பிடுகிறார். இரண்டையும் ஒருவர் சேர்த்துப் பார்த்த பிறகே மாற்றம் உள்ளே போகிறது. உடைந்த இணைப்புகளும் இல்லாத பொத்தான் பெயர்களும் வெளியீட்டுக்கு முன்பே தானியங்கிச் சோதனையில் பிடிபடுகின்றன. சிறிய நிறுவனங்களுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. சோதனைக் கருவிகள் பிறகு வரட்டும். கையேட்டைத் தொடாமல் புதிய பதிப்பு வெளியே போகக் கூடாது என்ற ஒரே விதியை மட்டுமாவது முதலில் கொண்டுவாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட்களைக் குறைத்துவிடுங்கள். முழுத் திரையையும் பிடித்து ஒட்டிய படம், அதில் எந்த மூலை மாறினாலும் பழையதாகிவிடும். தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமான ஒரு பொத்தானுக்கு, அதைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டி வைத்தால் போதும். படம் கட்டாயம் என்றால், உலாவியைத் தானாக இயக்கும் பிளேரைட் போன்ற கருவியால் ஒவ்வொரு பதிப்புக்கும் தானாகவே புதிதாக எடுக்கச் செய்யலாம்.

மாறக்கூடிய எண்களைப் பக்கம் பக்கமாகத் தூவி வைப்பதும் இதே பழுதை உண்டாக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைகளுக்கான ஜி.எஸ்.டி. மாறியது: அதுவரை ஓர் உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம், அன்றுமுதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். தீபாவளி விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில், எம்.சி. ரோட்டுக் கடையில் 1,800 ரூபாய் சட்டைக்கு எவ்வளவு வரி என்று புதிய ஊழியர் கையேட்டைப் பார்த்தால், ஒரு பக்கம் 5 என்றும் இன்னொரு பக்கம் 12 என்றும் சொல்லும் நிலை வரக் கூடாது. விகிதத்தை ஒரே பக்கத்தில் மட்டும், எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்போடு வையுங்கள். மற்றப் பக்கங்கள் அதற்கு இணைப்பு கொடுக்கட்டும். எடுத்துக்காட்டு பில்லில் எண் வேண்டும் என்றால், அந்த எண்ணை ஒரே இடத்தில் எழுதி, பக்கங்கள் உருவாகும்போது தானாக நிரம்பும் மாறியாக வைக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், எந்தப் பதிப்பில் வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்ற வரி இருக்க வேண்டும். பக்கத்தைத் தொட்ட தேதி வேறு, சரிபார்த்த தேதி வேறு. ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தியதால் பக்கம் புதியதாகிவிடாது.

அறிகுறி: கைபேசியில் படிக்க முடியவில்லை என்கிறார்கள்

கடையில் கணினித் திரையில் பில் திறந்திருக்கும். கையேடு கைபேசியில்தான் திறக்கும். அகலமான அட்டவணைகளைப் பிரித்து எழுதுங்கள், பி.டி.எஃப். கோப்பை வலைப்பக்கமாக்குங்கள், வெளிர் சாம்பல் எழுத்தை விடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் அளவு. வீடியோ மட்டும் போட்டுவிட்டு எழுத்தை விட்டுவிடாதீர்கள்: இரைச்சலான கவுண்டரில் ஒலி கேட்காது, ஐந்தாம் படி மட்டும் வேண்டியவர் நான்கு படிகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: சாட்பாட் தவறான பதில் சொல்கிறது, கேட்டால் கையேட்டில் இருக்கிறது என்கிறார்கள்

அண்மைக் காலத்தில் கூடியுள்ள பழுது இது. உதவிப் பக்கங்களை இப்போது மனிதர் மட்டுமல்லாமல், கேள்விக்குப் பதில் சொல்லும் இயந்திரங்களும் படிக்கின்றன. அவை பெரும்பாலும் பக்கத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கேள்விக்குப் பொருந்தும் துண்டுகளை மட்டும் எடுத்துப் பதிலை உருவாக்குகின்றன. "மேலே கூறியபடி செய்யவும்" என்று தொடங்கும் பத்தி தனித் துண்டாகும்போது, மேலே என்ன கூறப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. "இது பழைய பதிப்புக்கு மட்டும்" என்ற குறிப்பு பக்கத்தின் தலையில் மட்டும் இருந்தால், ஏழாவது பத்தி புதிய பதிப்புக்கும் பொருந்துவதாகப் பதில் வரும்.

தவறான பதிலை எடுத்து, அது எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். ஒரே பொருளைப் பற்றி முரண்படும் இரண்டு பக்கங்கள் இருந்தால், பழையதை நீக்கி அதன் முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள். ஒவ்வொரு பத்தியும் எந்த வேலையைப் பற்றியது, எந்தப் பதிப்புக்கானது என்பதைத் தன்னுள்ளேயே சொல்லும்படி திருத்துங்கள். பிறகு, உதவி மையத்துக்கு உண்மையில் வந்த கேள்விகளில் ஒரு தொகுப்பைச் சரியான விடைகளோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சாட்பாட்டிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் திருத்தங்கள் எல்லாமே, தேடலிலிருந்து நேராகப் பக்கத்தின் நடுவில் வந்து இறங்கும் மனிதருக்கும் அதே அளவு பயன்படும் என்பதால், இயந்திரத்துக்காக உழைக்கிறோமே என்று தயங்க வேண்டியதில்லை.

அறிகுறி: எல்லாம் திருத்தியாயிற்று, பயன்பட்டதா என்று தெரியவில்லை

பக்கத்தின் அடியில் உள்ள "இது உதவியதா?" என்ற கேள்விக்கு வரும் விடைகளை மட்டும் நம்பாதீர்கள்; வேலை முடிந்தவர் உடனே பக்கத்தை மூடிவிடுவார், கோபத்தில் இருப்பவர்தான் அதை அழுத்துவார். நேரில் போய்ப் பாருங்கள். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் இல்லாத ஒரு வார நாளில், கடை திறந்து கூட்டம் சேரும் முன், முதலாளியிடம் அனுமதி கேட்டு, பில் போடுகிறவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள்: "அக்கா, நேத்து போட்ட இந்தப் பில்ல ரத்து பண்ணணும். இந்தப் பக்கத்தப் பாத்து நீங்களே பண்ணுங்க, நான் நடுவுல பேச மாட்டேன்." சொன்னபடி பேசாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. அவர் எந்த வரியில் விரலை நிறுத்தினார், எந்த வரியைத் திரும்பப் படித்தார், எதைப் படிக்காமல் தாண்டினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கான மாதிரிக் கணக்கிலேயே செய்யச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உண்மைக் கணக்கில் கைவைக்கக் கூடாது.

எத்தனை பேரிடம் பார்ப்பது என்றால், பெரிய சிக்கல்களைக் கண்டுபிடிக்க ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று, பயன்பாட்டு எளிமையை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். நம் நிலைமைக்கும் அது பொருந்துகிறது, ஒரு நிபந்தனையோடு: ஐந்து பேரும் ஒரே கடையைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. ஜவுளிக் கடையில் சரளமாக ஓடும் பக்கம், எடைக் கணக்கில் பில் போடும் மண்ணடி இரும்புக் கடையில் இரண்டாம் படியிலேயே நின்றுவிடலாம்.

அறிகுறி: பக்கம் சரியாக இருக்கிறது, படித்தவர்கள் செய்து முடிக்கிறார்கள், அழைப்பு மட்டும் நிற்கவில்லை

அப்படியானால் பழுது மென்பொருளில் இருக்கிறது, அதைக் கையேட்டால் மூடக் கூடாது. "சேமி" பொத்தானும் "பில்லை மூடு" பொத்தானும் ஒட்டி ஒட்டி இருந்தால், கவனமாக அழுத்தவும் என்று எத்தனை முறை எழுதினாலும் அவசரத்தில் கை தவறும். எழுத்தாளரின் வேலை இங்கே, நிரலாளர் மறுக்க முடியாதபடி அதை எழுதிக் கொடுப்பது: எந்தத் திரை, எத்தனை அழைப்புகள், அழைத்தவர்களின் சொற்கள், நேரில் பார்த்தபோது கை எங்கே போயிற்று, பக்கத்தில் இதற்காக எத்தனை வரி எச்சரிக்கை எழுத வேண்டியிருந்தது. ஒரு திரைக்காக எழுதப்படும் எச்சரிக்கை நீண்டுகொண்டே போகிறது என்றால், அந்தத் திரையை மாற்ற வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல சான்று.

மென்பொருள் திருந்திய பிறகு அந்த எச்சரிக்கைகளை உடனே அழித்துவிடாதீர்கள். பழைய பதிப்பிலேயே ஓடும் கடைகள் இருக்கும். பண்டிகை முடியும் வரை புதுப்பிப்பைத் தள்ளிவைப்பது இங்கே வழக்கம். எந்தப் பதிப்பு எண் வரை அது பொருந்தும் என்று பத்தியின் முதல் வரியில் எழுதிவைத்து, அந்தப் பதிப்பில் இருக்கும் கடைசிக் கடையும் மாறியது உதவி மையப் பதிவில் தெரிந்ததும் நீக்குங்கள்.